சின்னான் தாத்தாவின் பெயர்



ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, என் தாயார் தம் தந்தைக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பார். சீட்டில் “சின்னான்” என்று மட்டுமே எழுதுவார். அவருக்கு ஐந்து வயதாயிருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். திருமுழுக்குப் பெயரோ பிறந்த நாளோ வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதைத் தேடும்போது நான் கற்றவற்றை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

அரசாங்கப் பதிவு எங்களுக்கு உதவவில்லை. இந்தியா முழுவதற்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல்தான் வந்தது. அதற்கு முற்பட்ட கிராமப் பதிவுகளில் பெயரில்லாமல் “ஆண் குழந்தை” என்று மட்டும் எழுதியிருப்பதும் உண்டு. ஆனால் கோயில் ஏடு இருக்கிறது. திருமுழுக்கையும் திருமணத்தையும் ஏட்டில் எழுதவேண்டுமென்று 1563-இலேயே திரெந்து பொதுச்சங்கம் கட்டளையிட்டது.

முதற் கேள்வி: எந்தக் கோயிலின் ஏடு? சேலம் மறைமாவட்டம் 1930-இல்தான் ஏற்பட்டது. அதற்கு முன் இப்பகுதி புதுச்சேரி, கும்பகோணம் மறைமாவட்டங்களைச் சேர்ந்திருந்தது. இன்று தனிப் பங்காக இருக்கும் ஊர், அன்று வேறொரு பங்கின் கிளைக் கிராமமாக இருந்திருக்கலாம். ஆகவே, “அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்துக்கு எந்தக் கோயிலுக்குப் போனார்கள்?” என்று முதியோரைக் கேட்கவேண்டும். நாங்கள் கேட்டபோது, ராசிபுரம் பக்கத்துப் பழைய பங்கு ஒன்றைக் காட்டினார்கள்.

இரண்டாவது, பெயர். பங்குத் தந்தையின் அனுமதியோடு ஏட்டைப் பார்த்தோம். சின்னான் என்று ஒருவரும் இல்லை. பிரெஞ்சுக் குருக்கள் பெயர்களை இலத்தீனில் எழுதியிருந்தார்கள். நம் முன்னோர் அப்பெயர்களையே தமிழாக்கி வழங்கினார்கள். இவற்றை நினைவில் வையுங்கள்:

பெத்ருஸ் – இராயப்பன்
பவுலுஸ் – சின்னப்பன்
யொவான்னெஸ் – அருளப்பன்
ஸ்தெபானுஸ் – முடியப்பன்
யோசேபுஸ் – சூசை
அலோய்சியுஸ் – ஞானப்பிரகாசம்

“பிலியுஸ்” என்றால் மகன், “பிலியா” என்றால் மகள். “பிலியுஸ் பெத்ரி” என்பது இராயப்பனின் மகன் என்று பொருள்படும். தமிழ்ப் பெயர்களையோ பிரெஞ்சு உச்சரிப்புப்படி எழுதினார்கள். ‘உ’ ஓசைக்கு ஓ, யு என்னும் இரண்டு எழுத்துகள் வரும். ஆங்கில வழக்கத்தில் படித்தால் சவரிமுத்து நமக்கு “சவரிமௌட்டௌ” ஆகிவிடுவார்! கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படித்தால் பெயர் விளங்கும்.

சின்னான் என்பது சின்னப்பன் என்பதன் சுருக்கமே என்று அப்போதுதான் உறைத்தது. உடனே பவுலுஸைத் தேடினோம். ஒருவரல்ல, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு பவுலுஸ் இருந்தார்கள்! இருவருடைய தந்தையரும் பெத்ருஸ்தான்.

மூன்றாவது, சான்று. பெயர் பொருந்தினால் மட்டும் போதாது. தாயின் பெயர், ஊர், ஞானப்பெற்றோர் ஆகியவற்றையும் ஒப்பிடவேண்டும். அவற்றோடு ஓரக் குறிப்பையும் பாருங்கள். 1908 முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி, ஒருவருக்குத் திருமணம் ஆனதும் அதை அவருடைய திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் குறிக்கவேண்டும். முதல் பவுலுஸின் ஓரம் வெறுமையாக இருந்தது. இரண்டாமவரின் ஓரத்தில் மங்கிய மையில் “ரோசா” என்ற பெயரும் ஓர் ஊரும் இருந்தன. ரோசாயி என்பது என் பாட்டியின் பெயர்; அது அவர் பிறந்த ஊர். அவசரப்பட்டு முதற் பெயரை எழுதிக்கொண்டு வந்திருந்தால், வேறொருவரையல்லவா தாத்தா என்று கொண்டாடியிருப்போம்!

வீட்டிற்கு வந்து படித்துக் காட்டினேன். என் தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இந்த வருசம் பூசைக்கு முழுப் பேரையும் எழுதிக் குடு கண்ணு” என்றார்.

மாணவியரே, உங்கள் வீட்டு முதியோரிடம் இந்த விடுமுறையிலேயே கேளுங்கள். வீட்டுப் பெயர், திருமுழுக்குப் பெயர், பெற்றோர், ஊர், கோயில் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஏடுகள் காத்திருக்கும், சொல்லத் தெரிந்தவர்கள் என்றும் நம்முடன் இருக்கமாட்டார்கள்.