செஞ்சி ரோட்டில் ஒரு ஹைவே பாடம்



பேரவை மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் அண்ணன் கேட்டபோது, "பாடம் சம்பந்தமா எழுதும்மா, கவிதை மட்டும் வேணாம், கவிதை ஏற்கெனவே ஒரு கட்டு வந்திருக்கு" என்றார். சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு ஹைவே இன்ஜினியரிங்கில் ஒரு அரியர் இருக்கிறது. அந்தப் பேப்பரைப் பற்றி நான் எழுதுவதா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

நம் வகுப்பில் பாதிப் பேரின் செல்போனில் லடாக் மலைப் பாதையில் புல்லட் ஓட்டும் வீடியோ இருக்கிறது. வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் லே போவதாகச் சபதம் செய்தவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர். எனக்கும் ஆசைதான். எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் ராணுவத்தில் லாரி ஓட்டுகிறார். மணாலியிலிருந்து லே வரை பலமுறை போய் வந்தவர். லீவில் வரும்போதெல்லாம் அவரிடம் கேள்வி கேட்டுத் தொல்லை கொடுப்பேன். ஆனால் மலையும் வறண்ட நிலமும் சேர்ந்த பாதையைப் பார்க்க லே வரைக்கும் போக வேண்டியதில்லை என்பது போன பௌர்ணமிக்கு அம்மாவோடு கிரிவலம் போனபோதுதான் எனக்குப் புரிந்தது.

திண்டிவனத்தில் பஸ் ஏறினால் திருவண்ணாமலை சுமார் 65 கிலோமீட்டர். முன்பு இந்தச் சாலைக்கு எண் 66, இப்போது 77. காலையிலேயே கிளம்பியதால் ஜன்னல் சீட் கிடைத்தது. அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். தீவனூர், வல்லம் வரைக்கும் வயலும் ஏரியுமாகத்தான் போகும். அதற்கப்புறம் நிலம் மாறும். யாரோ மூட்டை மூட்டையாகக் கல்லைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி குன்றுகள் கிளம்பும். சித்திரை வெயிலில் புல் எல்லாம் கருகி, முள்ளும் பாறையும் மட்டும் நிற்கும். வெயிலில் காய்ந்துபோன காட்டையும் மலையையும்தான் நம் முன்னோர் பாலை என்றார்கள். பாலைக்கு மணல்மேடு அவசியமில்லை என்பதை அந்த ஜன்னலில் பார்க்கலாம். செஞ்சி தாண்டியதும் வலப்பக்கம் கிருஷ்ணகிரி, இடப்பக்கம் ராஜகிரி, நடுவில் நம் பஸ். 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை இது. பிறகு 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டுத்தான் பிடிக்க முடிந்தது. 2025-இல் மராத்தியக் கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. அந்த ஊர் வழியாகத்தான் வாரம் இரண்டு தடவை போகிறேன் என்று என் தோழி சொல்வாள். ஒரு தடவைகூட இறங்கிப் பார்த்ததில்லையாம்!

இந்தப் பாறைகள் ஏன் உருண்டையாக இருக்கின்றன? இது கருங்கல், கிரானைட். பூமிக்கடியில் இருக்கும்போதே இதில் குறுக்கும் நெடுக்கும் வெடிப்புகள் உண்டு. அந்த வெடிப்பில் மழைத்தண்ணீர் இறங்கி, ஆயிரம் ஆயிரம் வருடங்களாகக் கல்லை மக்கவைக்கிறது. கட்டம் கட்டமான கல்லில் மூலைகளுக்கு இரண்டு மூன்று பக்கமும் தண்ணீர் படும். அதனால் மூலை முதலில் மக்கும். சோப்புக் கட்டி தேய்கிற மாதிரி நடுவில் உருண்டை மிஞ்சுகிறது. சுற்றியிருந்த மக்கிய மண்ணை மழை அடித்துப் போனதும் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளியே நிற்கின்றன. லடாக்கில் கதையே வேறு. அங்கே கல்லின் வெடிப்பில் இறங்கும் தண்ணீர் இரவில் உறைகிறது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். ஆப்பு அடித்தது போல் கல் பிளந்து, கூர்கூராகச் சரிவில் கொட்டிக் கிடக்கும். "அங்க கல்லு கத்தி மாதிரி, டயரைக் கிழிச்சிடும்" என்று அந்த அண்ணன் சொன்னதன் காரணம் இதுதான்.

இனி வளைவுக்கு வருவோம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டுக்கு 20 என்று நாம் எண்ணிக்கையை மட்டும் பெருமையாகச் சொல்கிறோம். மணாலி லே பாதையில் கட்டா லூப்ஸ் என்ற இடத்தில் ஒரே சரிவில் 21 வளைவு. கொண்டை ஊசி வளைவின் உள்பக்க ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும், வேகம் 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்திய சாலைக் கழக விதி. நான் பரீட்சையில் கோட்டைவிட்ட கணக்கு இதுதான், அதனால் இப்போது தலைகீழாகத் தெரியும். வேகத்தை வர்க்கமாக்கினால் 400. அதை 127 பெருக்கல் 14 ஆல், அதாவது 1778 ஆல் வகுத்தால் 0.225. வண்டி வெளியே தள்ளப்படாமல் இருக்க இவ்வளவு பிடிப்பு தேவை. மலைச்சாலையின் வெளி ஓரத்தைத் தூக்கிக் கட்டும் சூப்பர் எலிவேஷன் 0.10 வரை அனுமதி. டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வு 0.15. கூட்டினால் 0.25. தேவையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதே வளைவில் 30-இல் போனால்? 900 வகுத்தல் 1778, கிட்டத்தட்ட 0.51. கையிருப்பு அதே 0.25 தான். மீதியை யார் கொடுப்பார்கள்? புல்லட் சபதம் செய்த நால்வரும் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

பனி விழும் மலையில் அந்த 0.10-ஐக்கூட அனுமதிப்பதில்லை, 0.07 தான். பனியில் உராய்வு குறைவு. மெதுவாகப் போகும் வண்டி சாய்வின் வழியே உள்பக்கம் சறுக்கிவிடும். வேடிக்கை என்னவென்றால் பனியே இல்லாத நம் சமவெளிக்கும் அதே 0.07. இங்கே காரணம் பாரம். முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. ஆமை வேகத்தில் அது வளைவில் வரும்போது சாய்வு அதிகமிருந்தால் கவிழ வேண்டியதுதான்.

இதையெல்லாம் பஸ்ஸில் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆலம்பூண்டி தாண்டியதும் அம்மா திடீரென்று, "தோ, இந்தக் கல்வெட்டுல நான் வேலை செஞ்சேன்" என்றார். கல்வெர்ட் என்னும் சிறுபாலத்துக்கு எங்கள் பக்கம் கல்வெட்டு என்றுதான் பெயர். நான் பிறப்பதற்கு முன் அம்மா ரோடு வேலையில் சித்தாள். முக்கால் ஜல்லியைப் பாண்டில் சுமந்து, காலில் சாக்கு சுற்றிக்கொண்டு, கொதிக்கும் தார் பக்கத்தில் நின்றவர். இந்தச் சாலையில் பல மாதம் நடந்திருக்கிறார். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

காம்பர் என்றால் என்னவென்று சொல்ல ஆரம்பித்தேன். சாலையின் நடுப்பகுதி உயர்ந்து இரண்டு ஓரமும் தாழ்ந்திருக்க வேண்டும், நல்ல தார்ச்சாலைக்கு 2 சதவீதம் என்றேன். அம்மா கையை நீட்டி நான்கு விரலைச் சேர்த்துக் காட்டினார். "மேஸ்திரி நடுவுல நாலு வெரக்கடை தூக்கிப் போடச் சொல்வாரு. தண்ணி நின்னா ரோடு போச்சு பாப்பா." 7 மீட்டர் அகலச் சாலையில் நடுவிலிருந்து ஓரம் மூன்றரை மீட்டர். அதில் 2 சதவீதம் என்றால் 7 சென்டிமீட்டர். வீட்டுக்கு வந்ததும் ஸ்கேல் வைத்து அம்மாவின் நான்கு விரலை அளந்தேன். 7-க்குச் சிறு கோடு அதிகம். விரல்கள் காய்த்துத் தடித்திருப்பதால் அந்தக் கோடு என்று நினைக்கிறேன்.

லே நகரில் வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 10 செ.மீ. தான், அதனால்தான் அது குளிர் பாலைவனம். அங்கேயும் சாலைக்குத் தண்ணீரால்தான் ஆபத்து. வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை மதியத்துக்கு மேல் லாரியை நிறுத்திவிடும். ஓடையைத் தாண்ட வேண்டியவர்கள் விடியலில் கிளம்புவார்களாம். நமக்கு அந்தச் சலுகையும் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது நம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. லே ஊரின் ஐந்து வருட மழையை ஒரு நாளில் வாங்கியிருக்கிறோம்! தென்பெண்ணை பெருகி அரசூரில் திருச்சி நெடுஞ்சாலை நின்றுபோனது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகளின்மேல் விழுந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். முன்பு சொன்னேனே, உருண்டைக் கல்லும் அதைச் சுற்றிய மக்கிய மண்ணும், அந்த மண் தண்ணீர் குடித்துக் கனத்தால் கல்லை அது தாங்காது. ஜன்னலில் அழகாகத் தெரிந்த குன்றுகளை அதற்கப்புறம் அந்த நினைப்பில்லாமல் என்னால் பார்க்க முடியவில்லை.

கீழ்பென்னாத்தூரில் பஸ் நின்றபோது அம்மா கேட்டார்: "வெயில்ல நிக்கக் கூடாதுன்னுதானே உன்னப் படிக்க வெச்சேன். நீ திரும்ப ரோட்டுக்கே வர்றியே?"

"நான் ஜல்லி சுமக்க மாட்டேம்மா, லெவல் பாப்பேன்" என்றேன்.

"லெவலும் வெயில்லதான பாப்ப?"

பதில் சொல்லவில்லை. அம்மா முந்தானையை எடுத்து என் தலையில் போட்டுவிட்டு, மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தூரத்தில் அண்ணாமலை தெரிய ஆரம்பித்தது.

அரியர் பரீட்சைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் சாலையின் காம்பரை அளந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். பழைய தாருக்கு மேல் எத்தனையோ தடவை தார் போட்டிருப்பார்கள், நாலு விரற்கடை இன்னும் இருக்கிறதா பார்க்க வேண்டும். வண்டி வருவதைப் பார்த்துச் சொல்ல ஒருவர், ஸ்டாஃப் பிடிக்க ஒருவர் தேவை. பஸ் டிக்கெட் அவரவர் செலவு, சாப்பாடு அம்மா கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.