வெள்ளத்தில் நின்ற காரா? சாவியைத் தொடாதீர்கள்

அக்டோபர் என்றாலே வெள்ளக் கவலைதான். மெல்பர்னில் மரிபிர்னாங் ஆறு கரையுடைத்து வீடுகளுக்குள் புகுந்தது 2022 அக்டோபர் 14 அன்று. சிட்னிக்காரர்கள் கோடை இடிமழையையும் அதற்குப் பிந்தைய மார்ச் மாதத்தையும் கவனிக்க வேண்டும். 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் மார்ச்சில்தான் ஹாக்ஸ்பரி–நெப்பியன் ஆறு பொங்கியது. 2022 ஜூலையில் மறுபடியும் பொங்கி, வின்ட்சரில் ஏறக்குறைய 14 மீட்டர் உயர்ந்தது.

வீடு ஆற்றங்கரையில் இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. சிட்னியின் வெஸ்ட்மீட்டிலும் ஹோம்புஷிலும் அடுக்குமாடிகளில் வசிக்கும் நம்மவர்களின் கார்கள் பெரும்பாலும் தரைக்குக் கீழேதான் நிற்கின்றன. பேய்மழையில் தண்ணீர் சாய்தளம் வழியே இறங்கும். கரண்ட் போனால் பம்பும் நின்றுவிடும். கனமழை எச்சரிக்கை வந்தவுடன் காரை மேட்டுத் தெருவில் கொண்டுபோய் நிறுத்துங்கள். 2023 மிக்ஜாம் புயலின்போது சென்னை வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் மேல் வரிசையாக கார்களை நிறுத்தினார்களே, அந்த முன்யோசனை இங்கும் வேண்டும். ஆனால் தண்ணீர் புகத் தொடங்கியபின் காரை மீட்க பேஸ்மென்ட்டுக்குள் இறங்காதீர்கள். கார் போனால் போகட்டும்.

சாலையில் ஓடும் நீரிலும் இறங்காதீர்கள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தினர் நிஜக் கார்களையே நீரோட்டத்தில் நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். ஒரு டன் எடையுள்ள டொயோட்டா யாரிஸ் வெறும் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் நகர்ந்துவிட்டது. இரண்டரை டன் நிசான் பேட்ரோல்கூட 45 சென்டிமீட்டரில் நிலை தடுமாறியது. வெள்ள உதவிக்கு மாநில அவசர சேவையான எஸ்இஎஸ்ஸின் எண் 132 500. உயிருக்கு ஆபத்து என்றால் 000.

தண்ணீர் வடிந்தபின் நாம் செய்யும் முதல் காரியம்தான் பெரும்பாலான என்ஜின்களைக் கொல்கிறது: "ஓடுதா பார்ப்போம்" என்று ஸ்டார்ட் செய்வது. நின்ற நிலையில் மூழ்கிய என்ஜின் பெரும்பாலும் பிழைக்கக்கூடியது. உள்ளே நீர் இருக்கும்போது சுழற்றினால்தான் அது உடைகிறது. இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் ஏறத்தாழ 55 மில்லி. காற்று அதற்குள் அமுங்கும், நீர் அமுங்காது. அதைவிடச் சற்று அதிகமாக நீர் இருந்தாலே பிஸ்டன் நடுவழியில் முட்டி நிற்கும், கனெக்டிங் ராட் வளையும். டீசலில் அந்த இடம் இன்னும் சிறியது, சுமார் 30 மில்லிதான். வளைந்த ராடுடன் கார் சில வாரம் ஓடவும் செய்யும். பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் ராட் முறிந்து என்ஜின் பிளாக்கையே துளைத்துவிடலாம்.

ஆகவே சாவியை, பட்டனை, ரிமோட்டைத் தொடாதீர்கள். வெள்ளநீரில் சாக்கடையும் கலந்திருக்கும், கையுறை அணியுங்கள். நீர் எந்த உயரம் வரை ஏறியது என்று சேற்றுக்கோடு தெரியும்படி வெளியேயும் உள்ளேயும் படம் எடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் சிலிண்டருக்குள்ளும் நீர் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ, அளவு கூடியிருந்தாலோ உள்ளே நீர் இருக்கிறது. காரை இழுத்துச் செல்லவிடாமல் டில்ட் ட்ரே லாரியில் ஏற்றச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் காரை டயர் உருள இழுத்தால் கியர்பாக்ஸும் கெடும்.

பழுதுபார்க்கும் வேலை மெக்கானிக்குடையது, ஆனால் வரிசை உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். முதலில் ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்ற வேண்டும் (டீசலில் க்ளோ பிளக் அல்லது இன்ஜெக்டர்). பிறகு கிராங்க் ஷாஃப்டைக் கையால் ஸ்பானர் போட்டு மெல்லச் சுற்றி நீரை வெளியேற்ற வேண்டும். சுழலாமல் இறுக்கமாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சிலிண்டர்களில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, பழைய ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, என்ஜினைச் சிறிது ஓட்டியபின் மறுபடி மாற்ற வேண்டும். ஒருமுறை மாற்றினால் நீர் முழுக்கப் போகாது. கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் ஆயிலையும் பெட்ரோல் டேங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியில் கம்ப்ரெஷன் டெஸ்ட் கேளுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் ராட் வளைந்திருக்கக்கூடும். இதையெல்லாம் ஓரிரு நாளில் செய்யவேண்டும், தாமதித்தால் சிலிண்டர் சுவரில் துரு ஏறி ரிங் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே ஒரு இக்கட்டு உண்டு. இன்ஷூரன்ஸ் இருந்தால் அவர்கள் பார்க்கும் முன் எதையும் பிரிக்கக்கூடாது. அதனால் அதே நாளில் அழைத்துச் சொல்லுங்கள்; பிளக் கழற்றலாமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கட்டாயக் காப்பீடான கிரீன் ஸ்லிப் உங்கள் காரின் வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. மூன்றாம் நபர் சொத்துக் காப்பீடும் பொதுவாகத் தராது. காம்ப்ரிஹென்ஸிவ் இருக்கிறதா, அதில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று இந்த வாரமே பாலிசியை எடுத்துப் படியுங்கள்.

மின்சார, ஹைபிரிட் கார்களுக்கு மேலே சொன்ன பழுதுபார்க்கும் வரிசை அப்படியே பொருந்தாது. ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். உப்புநீரில் மூழ்கிய பேட்டரி பல நாள் கழித்தும் தீப்பற்றலாம். வீட்டை ஒட்டியோ கராஜிலோ நிறுத்தாதீர்கள்.

புதிதாக வந்த மாணவர்கள் பழைய கார் வாங்கும் முன் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனம் கழித்துவிட்ட (ரைட்-ஆஃப்) காரை நியூ சவுத் வேல்ஸில் மறுபடி பதிவது மிகக் கடினம். விக்டோரியாவில் பழுதுபார்க்கத் தக்கது என்று கழிக்கப்பட்ட காரை, விஐவி என்ற வாகன அடையாளச் சோதனையில் தேறினால் பதியலாம். கார் அப்படிக் கழிக்கப்பட்டதா என்று, இரண்டு டாலர் கொடுத்து பிபிஎஸ்ஆர் என்ற அரசுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். இன்ஷூரன்ஸே இல்லாமல் மூழ்கிய கார் அதில் வராது. அதனால் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துச் சேற்றுக்கோடு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி டயருக்கு அடியிலும் சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளிலும் துருவைத் தேடுங்கள். புத்தம்புதிய கார்ப்பெட் போட்ட பழைய கார் என்றால், அதைத் தூக்கிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.