நிரல்வண்ணமாக்கலில் தமிழ்ச் சொல்லெல்லை: பிக்மென்ட்ஸ் நூலகத்தின் சொற்பகுப்பான்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கணினி நிரல்களின் உறுப்புகளை வெவ்வேறு வண்ணங்களில் காட்டும் மென்பொருள்கள், நிரலை முதலில் சொற்கூறுகளாகப் பிரிக்கின்றன. இப்பணியைச் செய்யும் சொற்பகுப்பான்கள், தமிழில் எழுதப்பட்ட மாறிப்பெயர்களையும் கட்டளைச்சொற்களையும் பல இடங்களில் பிழைபடப் பிரிக்கின்றன. பைத்தான் மொழியில் அமைந்த பிக்மென்ட்ஸ் நூலகத்தைக் களமாகக் கொண்டு, இப்பிழைகள் தோன்றும் முறையையும் அவற்றுக்கும் தமிழ் எழுத்திலக்கணத்துக்கும் உள்ள தொடர்பையும் ஆராய்ந்து, திருத்தநெறிகளை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: சொற்பகுப்பான், சுருங்குறித்தொடர், ஒருங்குறி, உயிர்மெய், புள்ளி, மொழியிறுதி எழுத்து, எழில்.

1. முன்னுரை

ஜார்ஜ் பிராண்டல் தொடங்கிய பிக்மென்ட்ஸ் நூலகம் 2006ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளின் நிரல்வண்ணமாக்கல் நீட்சியும், பைத்தான் ஆவணங்களை உருவாக்கும் ஸ்பிங்க்ஸ் கருவியும் இதனையே பயன்படுத்துகின்றன. எனவே இந்நூலகத்தில் நேரும் பிழை, அதனைச் சார்ந்த கருவிகள் வழியாகப் பாடநூல் பக்கங்களிலும் ஆவணங்களிலும் பரவ வாய்ப்புண்டு.

பைத்தான் 3 முதல் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழ்ப் பெயர் இடலாம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் கட்டளைச்சொற்களே தமிழில் உள்ளன. அம்மொழிக்கான சொற்பகுப்பானும் பிக்மென்ட்ஸில் இடம்பெற்றுள்ளது. தமிழ்வழி நிரலாக்கம் கற்கும் மாணவன் எழுதிய பிழையற்ற நிரலைப் பிழையுடையதாகத் திரை காட்டுமாயின், குற்றம் தன் மொழியின்மேல் உள்ளதென அவன் கருத இடமுண்டு. இதனால் இச்சிக்கல் தமிழியல் ஆய்வுக்கும் உரியதாகிறது.

2. சொற்பகுப்பான் இயங்கும் முறை

பிக்மென்ட்ஸின் பெரும்பான்மைச் சொற்பகுப்பான்கள் விதிப்பட்டியல்களால் ஆனவை. ஒவ்வொரு விதியும் ஒரு சுருங்குறித்தொடரையும் ஒரு வகைப்பெயரையும் கொண்டது. உரையின் ஓரிடத்தில் நின்று விதிகளை வரிசைப்படி ஒப்பிட்டு, முதலில் பொருந்தும் விதியைப் பகுப்பான் ஏற்கும். மிக நீண்டு பொருந்தும் விதியைத் தேடுவதில்லை. எவ்விதியும் பொருந்தாதபோது ஒரு குறியை மட்டும் 'பிழை' என வகைப்படுத்தி அடுத்த குறிக்கு நகரும். இயல்பான தோற்றப்பாணியில் இப்பிழை சிவப்புக் கட்டத்தால் சுட்டப்படும்.

விதிகளில் மிகுதியும் பயின்று வருவன இரண்டு: எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றைத் தழுவும் 'சொல்லெழுத்துக் குறி', சொல்லெழுத்தும் பிறிதொன்றும் சந்திக்கும் இடத்தைச் சுட்டும் 'சொல்லெல்லைக் குறி'. தமிழுக்கு நேரும் இடர்கள் இவ்விரண்டிலிருந்தே கிளைக்கின்றன.

3. எழுத்து எனும் கருத்து

தொல்காப்பியம் மெய்யைப் புள்ளியொடு நிற்பதாகவும், புள்ளி நீங்கிய வடிவை அகரமேறிய உயிர்மெய்யாகவும், ஏனைய உயிர்கள் ஏறும்போது வடிவு திரிவதாகவும் கூறுகிறது. ஒருங்குறியின் அமைப்பும் இவ்வரிவடிவ நெறியோடு ஒத்துச் செல்கிறது. 'க' என்பது ஒரு குறியெண். 'க்' என்பது அதனோடு புள்ளியும், 'கி' என்பது அதனோடு இகரக்குறியும் சேர்ந்த இரு குறியெண்கள். இப்புள்ளியும் உயிர்க்குறிகளும் ஒருங்குறியில் 'எழுத்து' என்னும் வகையில் அடங்காமல் 'சேர்க்கைக் குறி' என்னும் வகையில் அடங்கும்.

பைத்தானின் இயல்பான சுருங்குறித்தொடர்க் கருவி, எழுத்து, எண் வகைகளையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லெழுத்தாகக் கொள்கிறது. ஆகவே தமிழின் 247 எழுத்துகளுள் உயிர் 12, அகர உயிர்மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 மட்டுமே சிதையாமல் நிற்கும். மெய் 18, ஏனைய உயிர்மெய் 198 ஆகிய 216 எழுத்துகளும் பிளவுபடும். 'தமிழ்' என்னும் சொல்லில் சொல்லெழுத்துத் தொடர்களைத் தேடினால் 'தம', 'ழ' என இரு துண்டுகள் கிடைக்கும். இகரக்குறியும் புள்ளியும் வெளியே தள்ளப்படும். வேறு விதி எதுவும் அவற்றைத் தாங்காவிடின் அவை தனித்தனியே பிழைக்கட்டம் பெறும். தம் தாயெழுத்திலிருந்து பிரிந்து புள்ளிவட்டத்துடன் தோன்றவும் நேரிடலாம்.

சுருங்குறித்தொடர் பற்றிய ஒருங்குறி அமையத்தின் 18ஆம் தொழில்நுட்ப நெறிமுறை, சேர்க்கைக் குறிகளையும் சொல்லெழுத்தாகக் கொள்ளப் பரிந்துரைக்கிறது. எனவே இக்குறைபாடு ஒருங்குறித் தரத்தினுடையதன்று. கருவி ஏற்றுக்கொண்ட வரையறையினுடையது.

4. தலைகீழாகும் சொல்லெல்லை

'முடி' என்பது எழில் மொழியின் கட்டளைச்சொற்களுள் ஒன்று. அதன் இறுதியில் சொல்லெல்லைக் குறியை இட்டு ஒரு விதி எழுதப்பட்டதாகக் கொள்வோம். 'முடி' தனித்து நின்று அதன்பின் வெற்றிடம் வரும்போது, இகரக்குறியும் வெற்றிடமும் ஒருங்கே சொல்லெழுத்து அல்லாதவை ஆதலின் அங்கு எல்லை தோன்றாது; விதி பொருந்தாது. மாறாக, 'முடிவு' என ஒரு மாறிக்குப் பெயரிடப்பட்டிருப்பின், இகரக்குறிக்கும் வகரத்துக்கும் இடையே எல்லை தோன்றும். விதி தவறாகப் பொருந்தும். ஏற்க வேண்டிய இடத்தில் மறுத்து, மறுக்க வேண்டிய இடத்தில் ஏற்பதால், இவ்விதி தன் நோக்கத்துக்கு நேர் எதிராகச் செயல்படுகிறது.

இது ஒரு சொல்லுக்கு மட்டும் நேரும் விபத்தன்று. மொழியிறுதியில் வரும் மெய்களாகத் தொல்காப்பியம் பதினொன்றைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் எதில் முடியும் சொல்லும் எழுத்து வடிவில் புள்ளியில் முடியும். அகரம் ஒழிந்த உயிரேறிய உயிர்மெய்யில் முடியும் சொல் உயிர்க்குறியில் முடியும். 'நிரல்பாகம்', 'ஆனால்', 'செய்' ஆகியன முன்னவை; 'பதிப்பி', 'இல்லை', 'வரை', 'நிறுத்து' ஆகியன பின்னவை. இவையனைத்தும் மேற்கூறிய இடருக்கு ஆட்படும். 'ஆக' என்பதுபோல் அகரவீற்றுச் சொற்கள் தனித்து நிற்கும்போது மட்டும் சரியாக அறியப்படும். அவையும் 'ஆகாயம்' போன்ற பெயரின் முன்பகுதியில் தவறாகப் பொருந்தும். ககரத்துக்கும் ஆகாரக்குறிக்கும் இடையே எல்லை தோன்றுவதே காரணம்.

5. ஒரே தோற்றம், இரு குறியீடு

ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் ஒவ்வொன்றையும் இருவகையில் பதியலாம். ஒகரக்குறி 3018 என்னும் ஒற்றைக் குறியெண்ணாகவோ, 3014, 3006 என்னும் எகர, ஆகாரக் குறிகளின் இணையாகவோ அமையலாம் (எண்கள் பதின்ம முறையில் தரப்பட்டுள்ளன). ஓகாரக்குறி 3019, அதன் இணை 3015, 3006. ஔகாரக்குறி 3020, அதன் இணை 3014, 3031. ஒருங்குறித் தரப்படி இவை சமமானவை. பைத்தான் மொழிபெயர்ப்பி பெயர்களை இயல்பாக்கிய பின்னரே ஒப்பிடுகிறது. சுருங்குறித்தொடரோ குறியெண்களை அப்படியே ஒப்பிடுகிறது. எனவே 'தொடர்' என்னும் கட்டளைச்சொல் ஒரு வரியில் வண்ணம் பெற்று, கண்ணுக்கு அதுபோன்றே தோன்றும் மற்றொரு வரியில் வண்ணம் பெறாமல் போகலாம்.

உரை முழுவதையும் முன்கூட்டியே இயல்பாக்குவது எளிய தீர்வாகத் தோன்றும். ஆயினும் சொற்கூறுகளை மீண்டும் இணைத்தால் மூலநிரல் மாறாமல் கிடைக்க வேண்டும் என்பது வண்ணமாக்கலின் அடிப்படை. அதனைக் காக்க, இருவகை வடிவங்களையும் விதியிலேயே தருவது தக்கது.

6. எண்களும் குறியீடுகளும்

பைத்தானின் இலக்கக் குறி ௦ முதல் ௯ வரையான தமிழ் எண்களையும் தழுவும். ஆனால் '௧௨' என்பதைப் பைத்தான் நிரலில் எண்மதிப்பாக எழுத இயலாது. இலக்கக் குறியை அப்படியே பயன்படுத்தும் விதி, மொழி ஏற்காத ஒன்றைச் சரியான எண்ணாகக் காட்டிவிடும். வண்ணமாக்கல் கற்பவனுக்கு வழிகாட்டி ஆதலின், பிழையை மறைப்பதும் பிழையே.

7. திருத்தநெறிகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் பின்வரும் நெறிகள் பெறப்படுகின்றன.

(அ) பெயருக்கான விதியில் சொல்லெழுத்துக் குறிக்கு மாற்றாக, ஒருங்குறி வகுத்துள்ள 'பெயர்த்தொடக்கம்', 'பெயர்த்தொடர்ச்சி' என்னும் தொகுதிகளைப் பயன்படுத்தலாம். பிக்மென்ட்ஸின் பைத்தான் பகுப்பான் இந்நெறியையே பின்பற்றுகிறது. எழில் பகுப்பான் 2944 முதல் 3071 வரையான தமிழ்ப் பகுதி முழுவதையும் பெயரெழுத்தாக ஏற்கிறது. இது எளிது, சேர்க்கைக் குறிகளைச் சிதைப்பதில்லை. எனினும் ௹ போன்ற குறியீடுகளையும் பெயரின் உறுப்பாக ஏற்பதோடு, பெயர் உயிர்க்குறியில் தொடங்கவும் இடந்தருகிறது. பெயர்த்தொடக்கத் தொகுதியில் உயிர்க்குறியோ புள்ளியோ இடம்பெறாமையின், முதல் நெறி தமிழ் மொழிமுதல் மரபுக்கும் நெருங்கியது.

(ஆ) சொல்லெல்லைக் குறிக்கு மாற்றாக, 'இதன்முன்னும் பின்னும் பெயர்த்தொடர்ச்சிக் குறி வரலாகாது' என்னும் எதிர்மறை நிபந்தனையை இடவேண்டும். இதனால் 'இல்', 'இல்லை', 'இல்லைஆனால்' போன்ற சொற்களை நீளவரிசையில் அடுக்க வேண்டிய தேவையும் நீங்குகிறது.

(இ) ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளின் இருவகை வடிவங்களையும் கட்டளைச்சொல் விதிகளில் சேர்க்கவேண்டும்.

(ஈ) எண்மதிப்புக்கான விதியில் அந்தந்த நிரல்மொழி ஏற்கும் இலக்கங்களை மட்டும் வெளிப்படையாகக் குறிக்கவேண்டும்.

(உ) சோதனைக் கோப்புகளில் மெய்யீறு, அகரவீறு, பிறவுயிரீறு ஆகிய மூவகைச் சொற்களும் தனித்தும் நெடும்பெயரின் முன்பகுதியாகவும் இடம்பெற வேண்டும். 'செய்' – 'செய்தி', 'ஆக' – 'ஆகாயம்', 'முடி' – 'முடிவு' என்னும் இணைகள் இதற்குப் போதிய சான்றுகளாம்.

8. முடிவுரை

தமிழ்ச் சொற்களைப் பிரிப்பதில் நேரும் பிழைகள், 'எழுத்து' என்பதை ஒற்றைக் குறியெண்ணாகக் கொண்ட வரையறையிலிருந்து எழுவன. சொல்லின் ஈற்றெழுத்தை அறிந்தால் பிழை எங்கு நேரும் என்பதை முன்னரே கூறமுடிகிறது. மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகள் பற்றிய மரபிலக்கண வகைப்பாடு, சொற்பகுப்பானின் சோதனைத் திட்டத்துக்கு நேரடியாகப் பயன்படுவது இதனால் புலனாகிறது. ஏனைய நிரல்மொழிகளின் பகுப்பான்களையும் இந்நோக்கில் ஆராய்வது, தமிழ் இலக்கணம் கற்றோரும் மென்பொருள் வல்லுநரும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.