மின் இரைச்சலும் அதைக் குறைந்த செலவில் வடிகட்டும் விதமும்

சொட்டுநீர்ப் பாசனம் அமைந்த தோட்டங்கள் சிலவற்றில், மண்ணின் ஈரத்தை அளந்து பம்பு செட்டைத் தானே ஓட்டி நிறுத்தும் கருவிகள் உபயோகத்தில் உள்ளன. சில இடங்களில் இக்கருவி, நீர் பாய்ந்த நிலத்தைக் காய்ந்ததென்று கொண்டு மோட்டாரை அடிக்கடி ஓட்டுகிறது. அல்லது காய்ந்த நிலத்தை ஈரமென்று கொண்டு ஓட்டாமல் விட்டுவிடுகிறது. முன்னதில் தண்ணீர் விரயமாவதோடு மோட்டாரும் கெடும். பின்னதில் பயிர் வாடும். ஈரமானி பழுதென்று கருதிப் புதிது வாங்குமுன், அதற்கு வரும் மின்சாரத்தைப் பரிசோதிப்பது நலம்.

குற்றத்தின் காரணம்

230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் சிறு அடாப்டர்கள், மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி விடுகின்றன. மலிவான அடாப்டர்களில் இவ்வதிர்வு முழுதும் அடங்காமல் வெளிவருகிறது. ஸ்டார்டரின் காயிலில் மின்சாரம் அறும்போதும் திடீர் வீச்சு ஒன்று எழுகிறது. இவையே மின் இரைச்சல் எனப்படும். ஈரமானி காட்டும் நுண்ணிய மாறுதல்கள் இதில் மறைந்துவிடுகின்றன.

பரீட்சை

ஈரமானியை மட்டும் 12 வோல்ட் பாட்டரியில் இணைத்து ஒரு மணி நேரம் கவனிக்கவேண்டும். அளவு நிலைத்து நின்றால் குற்றம் அடாப்டரில் உள்ளது. மோட்டார் நிற்கும் சமயத்தில் மட்டும் அளவு குதித்தால் ஸ்டார்டரைச் சந்தேகிக்கலாம். எப்போதும் குதித்தால் ஈரமானியையும் ஒயர் இணைப்புகளையும் பார்க்கவேண்டும்.

வடிகட்டியும் பொருத்தும் விதமும்

கவலையில் தண்ணீர் சால் சாலாக வந்தாலும், தொட்டியில் தேங்கிய பின் வாய்க்காலில் சீராகப் பாய்கிறது. கண்டன்சர் அத்தொட்டியின் வேலையைச் செய்கிறது.

1. அடாப்டரின் பாஸிட்டிவ் ஒயரில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்க்கவேண்டும். ஈரமானி 20 மில்லி ஆம்பியர் இழுத்தால், இதனால் குறைவது 0.2 வோல்ட்டே. ரிலேக்குச் செல்லும் மின்சாரம் இதன் வழியே போகலாகாது.

2. ரெசிஸ்டருக்கு அப்பால், பாஸிட்டிவ், நெகட்டிவ் ஒயர்களுக்கு நடுவே 470 மைக்ரோபாரட், 25 வோல்ட் கண்டன்சரை இணைக்கவேண்டும். இதன் முனைகளை மாற்றி இணைத்தால் கண்டன்சர் வெடிக்கக்கூடும்.

3. அதனருகிலேயே, 104 என்று குறியிட்ட 0.1 மைக்ரோபாரட் செராமிக் கண்டன்சரையும் இணைக்கவேண்டும். பெரிய கண்டன்சர் மெதுவான ஏற்றத்தாழ்வையும், சிறியது வேகமான அதிர்வையும் அடக்கும். இரண்டும் ஈரமானிக்கு மிக அருகில் இருப்பது அவசியம்.

ஸ்டார்டரின் வீச்சை அடக்க, அதன் காயிலுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரையும் 0.1 மைக்ரோபாரட் கண்டன்சரையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பது வழக்கம். ஈரமானியின் ஒயரை மோட்டார் ஒயருடன் ஒரே குழாயில் விடாமலிருப்பதும் பெரிதும் அனுகூலமாகும். இதற்குச் செலவே இல்லை.

எச்சரிக்கை

ஸ்டார்டரில் பொருத்தும் கண்டன்சர் எக்ஸ்2 என்ற குறியுடையதாக இருக்கவேண்டும். 230 வோல்ட் காயிலுக்கு 275 வோல்ட் ஏ.சி. தரமும், 415 வோல்ட் காயிலுக்கு 440 வோல்ட் ஏ.சி. அல்லது அதற்கு மேற்பட்ட தரமும் வேண்டும். சாதாரணக் கண்டன்சரைப் போட்டால் தீப்பற்றும் அபாயமுண்டு. ஆகையால் இவ்வேலையை, மெயினை நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்விக்கவேண்டும்.

கிராமக் குடிநீர்த் தொட்டிகளின் நீர்மட்டத்தை இவ்வாறான மின்கருவிகளால் அளக்கும் இடங்களிலும் இம்முறைகள் பொருந்துமாதலால், கிராம அதிகாரிகளும் இவற்றைக் கவனித்தல் நலம். சில ரூபாய் விலையுள்ள கண்டன்சர் ஒரு போகத்தின் தண்ணீரைக் காக்கக்கூடும்.