சுவரில் நிற்கும் சிலந்தியை என்ன செய்வது?

இலங்கையில் பல்லேகமப் பக்கத்து வீடுகளில் இரவில் லைட்டைப் போட்டதும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புச் சிலந்தி சுவரில் நிற்பது புதினமில்லை. உடனே தும்புத்தடியைத் தூக்காதீர்கள். அது வேட்டைச் சிலந்தி. வலை பின்னிக் காத்திருக்காது, பாய்ந்து பிடிக்கும். கரப்பானை விரும்பித் தின்னும்.

கொஞ்சம் கிட்ட நின்று பாருங்கள். உடம்பு தட்டை, கால்கள் நண்டுக்கால் போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும். கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பே அதற்குப் போதும். பாதத்து மயிர்க்கற்றையால் டைல் சுவரிலும் வழுக்காது. மரப்பட்டை இடுக்குக்கு ஏற்ற இந்த உடம்பு மனிதர் வீட்டுக்கும் பொருந்திவிட்டது. சரக்குக் கப்பல்களில் ஏறி வெப்பநாடுகள் எங்கும் பரவியதும் இதே இனம்தான்.

ஆனால் எல்லா வேட்டைச் சிலந்தியும் வீட்டுக்குரியதல்ல. இலங்கைக் காடுகளிலுள்ள பான்டர்செட்டிஸ் வகை, பாசி படர்ந்த பட்டையின் நிறத்திலேயே இருக்கும். காலோரத்து மயிர் நிழலையும் மறைப்பதால் கை வைக்கும்வரை தெரியாது. ஒலியோஸ் வகை இலையை மடித்து நூலால் ஒட்டி உள்ளே தங்கும். விறகோடோ மிளகுக் கொடியோடோ இவை வந்துவிட்டால், வந்த மரத்திலேயே கொண்டுபோய் விடுங்கள். வெள்ளைச் சுவரில் அந்த நிறம் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படுக்கையறையில் வேண்டாமென்றால், அகலப் போத்தலால் மூடி, அடியில் அட்டையைச் செருகி வெளியே எடுங்கள். வயிற்றின் கீழ் வட்டமான வெளிர்நிறப் பொதியைத் தாங்கி நிற்பது தாய், அது முட்டைப்பை. அந்த நேரத்தில் சீண்டினால் கடிக்கக்கூடும். பூச்சிமருந்து அடிக்கவே வேண்டாம். கரப்பானோடு, கரப்பானைத் தின்பதும் சாகும்.

வேட்டைச் சிலந்தி கடித்தால் வலியும் வீக்கமும் கொஞ்ச நேரம் இருக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர் ஒத்தடம் கொடுங்கள். புலிமுகச் சிலந்தி, அதாவது சிங்களத்தில் திவிமகுளுவா, வேறு சாதி. பருத்து மயிரடர்ந்த உடம்பு. பல இனங்களில் முன்காலின் அடிப்பக்கம் மஞ்சள் தெரியும். அது கடித்தால் தசைகள் கடுமையாக இழுத்துப் பிடிக்கும். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காலையில் எழும்பும்போது தோலில் கோடாக எரிவும் கொப்புளமும் இருந்தால், பழியைச் சிலந்திமேல் போடாதீர்கள். விளக்குக்கு வரும் பெடரஸ் என்ற சிறு வண்டு தோலில் நசுங்கினால்தான் பெரும்பாலும் அப்படி வரும். சவர்க்காரத்தால் கழுவுங்கள், இரவில் படுக்கைக்கு மேலுள்ள விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள்.