ஐ.சி.யூ. ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலை எப்படிப் படிப்பது

தேர்வுக் குழுவில் உட்காருகிறவர், செய்தி எழுதுகிறவர், வழிகாட்டியைத் தேடும் முதுநிலை மாணவர் என யாராக இருந்தாலும், தீவிர சிகிச்சையிலும் பொதுச் சுகாதாரத்திலும் ஆய்வு செய்கிற ஒருவரின் பட்டியல் கைக்கு வந்தால் முதலில் எண்ணுவது, எத்தனை பேப்பர் என்பதைத்தான். அதைக் கடைசியில் எண்ணலாம்.

செய்ய வேண்டியவை

• ஒரே கேள்வியை எத்தனை வருடம் துரத்தியிருக்கிறார் என்று பாருங்கள். கென்யாவின் கிலிஃபியில் பணிபுரிந்த கேத்ரின் மெய்ட்லண்டின் பட்டியல் இதற்கு நல்ல உதாரணம். கடும் காய்ச்சலோடு, ரத்த ஓட்டம் குன்றி வரும் குழந்தைக்கு வேகமாகச் சலைன் ஏற்றுவது சரி என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவரது குழு கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் அதைச் சோதித்தது. 2011இல் முடிவு வந்தது. வேகமாகச் சலைன் ஏற்றிய குழந்தைகளில் 10.5 சதவீதம் பேர் 48 மணி நேரத்துக்குள் இறந்திருந்தார்கள், ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். வசதி குறைந்த மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு மற்ற இடங்களுக்குப் பொருந்துமா என்ற வாதம் அன்றே கிளம்பியது. அவர் அத்தோடு விடவில்லை. ரத்தம் எப்போது ஏற்றுவது, ஆக்சிஜன் யாருக்குத் தேவை என்று ஆப்பிரிக்கக் குழந்தைகளைப் பற்றியே அடுத்தடுத்த ஆய்வுகள். இப்படி ஒரு நூல் பட்டியலில் ஓடுகிறதா என்று தேடுங்கள்.

• திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உண்டா என்று பப்மெட் தரவுத்தளத்தில் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அலுப்பான வேலைதான். ஜெர்மனியின் மயக்க மருந்து நிபுணர் யோவாகிம் போல்ட் நீளமான பட்டியலுக்குப் பேர்போனவர். ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச் திரவத்துக்கு ஆதரவாக நிறைய எழுதினார். 2010இல் மோசடி வெளிவரத் தொடங்கி, பிறகு அவருடைய நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 2013இல் ஒரு தொகுப்பாய்வு அவரது 7 ஆய்வுகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோது, அந்தத் திரவத்தால் இறப்பு கூடுவது தெளிவாகத் தெரிந்தது. ஒருவருடைய பட்டியல் இவ்வளவு தூரம் நோயாளியின் படுக்கை வரை வந்துவிடும்.

• ஆய்வு தொடங்கும் முன்பே பதிவானதா என்று பாருங்கள். இந்தியாவில் மருந்து ஆய்வுகளுக்கு 2009 முதல் பதிவு கட்டாயம். பதிவில் சொன்ன முதன்மை விளைவும் கட்டுரையில் சொல்வதும் வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

• ஆய்வாளருக்குரிய தனி அடையாளமான ஆர்கிட் எண்ணை வைத்துத் தேடுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது ரொம்ப அவசியம்: அப்பா பெயர் ஒரு ஜர்னலில் குடும்பப் பெயராகும், இன்னொன்றில் இனிஷியலாகும். ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவார்.

செய்யக்கூடாதவை

• மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸைக் கொண்டு ஐ.சி.யூ. மருத்துவரையும் பொதுச் சுகாதார ஆய்வாளரையும் ஒப்பிடாதீர்கள். உலக நோய்ச்சுமைக் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும். நடுவில் ஒரு பெயராக இருந்தாலே மேற்கோள் குவியும்.

• அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது என்பதற்காக நம்பாதீர்கள். செப்சிஸுக்கு வைட்டமின் சி கலவை கொடுத்த 47 பேரை, முன்பு கொடுக்கப்படாத 47 பேரோடு ஒப்பிட்ட 2017 ஆய்வு ஒரே மருத்துவமனையில் நடந்தது. பலன் வியக்கவைத்தது, உலகம் முழுக்கப் பேச்சு. 2020இல் பல மருத்துவமனைகளில் சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்துச் சோதித்தபோது பலன் தெரியவில்லை. வைட்டமின் சியை மட்டும் தனியே கொடுத்துப் பார்த்த 2022 ஆய்வில் கேடே கூடியிருந்தது.

• ஜர்னலின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். கோவிட் நோயாளிகளுக்குத் தரப்பட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றி 2020 மே மாதம் லான்செட்டில் வந்த கட்டுரையை நம்பி உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்திவைத்தது. மூலத் தரவைக் கேட்டபோது, அதைக் கையில் வைத்திருந்த சர்ஜிஸ்ஃபியர் நிறுவனம் தரவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தரவு யார் கையில் இருந்தது, எல்லா ஆசிரியர்களும் அதைப் பார்த்தார்களா என்று கட்டுரையின் கடைசிப் பகுதியில் எழுதியிருப்பார்கள். பெரும்பாலோர் அதுவரை படிப்பதில்லை.