இரவு பேக்கப் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் மளிகைக் கடையில் தினமும் கடை சாத்தியதும் பேக்கப் எடுக்கிறோம். தனியாக ஸ்டாண்ட்பை சர்வர் தேவையா?

பதில்: அவசியம் தேவை. மாலை 7 மணிக்கு, கல்லாவில் கூட்டம் நிற்கும்போது ஹார்ட் டிஸ்க் போனால், அன்றைய பில் அத்தனையும் போச்சு. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய இரண்டு டேட்டாபேஸ்களிலுமே ரெப்ளிகேஷன் வசதி உண்டு. ஒவ்வொரு பில்லும் பதிவானதும் அந்த மாற்றம் இரண்டாவது சர்வரான ஸ்டாண்ட்பைக்கும் போய்விடும். வழக்கமான அமைப்பில் கடைசிச் சில நொடிகள் மட்டும் விட்டுப்போகலாம்.

ஆனால் இரவு பேக்கப்பைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். யாரோ தவறுதலாக ஸ்டாக் பட்டியலை அழித்தால், அந்த அழிப்பும் அதே வேகத்தில் ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேரும். பிரதான சர்வர் பழுதாகி, ஸ்டாண்ட்பையைப் பிரதானமாக்கும்போது பழைய சர்வரின் நெட்வொர்க் கேபிளை முதலில் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு கவுண்டர் இதிலும் இன்னொன்று அதிலும் பில் போட, கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். கூட்டமில்லாத காலை நேரத்தில் ஒருமுறை ஸ்டாண்ட்பைக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள்.